பலகை டாங்கி

டாங்கி கப்பலில் வருகிறது என்றார்கள்.
எந்தக் கப்பல் என்று யாரும் சொல்லவில்லை.
அதுவரைக்கும் செந்தூல் ஒர்க்ஷாப்பில்
மூன்றாம் வகுப்பு ரயில்பெட்டிப் பலகையை அறுத்து
டாங்கியின் தலையை மட்டும் செய்தோம்,
நானும் ஆ லோக்கும், நான்கு இரவு.
உள்ளே இரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம்.
பெஞ்சில் யாரோ ஆணியால் கீறிய
இரத்தினவேல் என்ற பெயர்
சரியாகத் துப்பாக்கித் துளைக்குக் கீழே வந்தது.

மூன்று துப்பாக்கிகள், கோணிச் சாக்கில் சுற்றி.
கேப்டன் ஹாலோரனுக்கு இருபத்து நாலு வயது இருக்கும்.
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
அவர் பேசுவதை டிராயிங் ஆபீஸ் கனகரத்தினம்
யாழ்ப்பாணத் தமிழில் எங்களுக்கு இறக்கிவைப்பார்:
"காட்டுக்குள்ள கண் இருபது கெசத்துக்கு மேல போகாது.
அதுக்கு எது நல்லது எண்டு பார்க்கவேணும்."

முதலாவது தண்ணீர் குடிக்கும்.
குழாயைச் சுற்றி ஒரு சட்டை, அதற்குள் ஏழு பைண்ட்.
சூடேறினால் ஆவி விடும்;
பாய்லரோடு வாழ்ந்த எங்களுக்கு அது பழகிய பிராணி.
ஆனால் தோட்டா கோத்த துணிப்பட்டை
டிசம்பர் மழையில் ஊறி
பிள்ளைத்தாய்ச்சி கால் போல வீங்கிப்போனது.
இரண்டாவது அழகு. தூக்கினால் இறக்க மனம் வராது.
இருபத்தெட்டு எண்ணுவதற்குள் வாயை மூடிக்கொள்ளும்.
மூன்றாவதுதான் டாங்கிக்கென்றே பிறந்தது.
அதன் தோட்டா இந்தச் சீமையிலேயே இல்லை.
பொண்ணு வந்தாச்சு, தாலி கப்பல்ல,
என்றான் ஆ லோக், எங்கள் தமிழில்.

கெப்போங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டம்.
லாரி மேல் பலகைத் தலை.
மழை விட்ட சாயங்காலம்,
ஒரு நிரைக்கு ஒரு துப்பாக்கி என்று கேப்டன் சுட்டார்.
மூன்றாவது சும்மா படுத்திருந்தது.
புகை. எங்கே பட்டது, எத்தனை பட்டது,
ஒன்றும் தெரியவில்லை.
மரங்கள் நின்றபடி நின்றன.

விடியலில் பெரட்டு முடிந்து
அந்த நிரைக்கு வந்தவள் சடையம்மா.
நெற்றி விளக்கை நிமிர்த்திப் பார்த்தாள்.
கத்தி படாத இடமெல்லாம் பால்.
தோளுயரத்தில், தலைக்கு மேலே, கிளை பிரிகிற இடத்தில்,
கோடு கோடாக இறங்கி
பட்டையில் உறைந்திருந்தது.

கங்காணி ஓடினான். கிராணி வந்தார்.
எங்கள் லாரியும் திரும்ப வந்தது.
மங்கு வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"இந்த நெரையில நூத்திப் பதினேழு.
அதுல அறுவத்திரெண்டு.
ஆனா அந்த அறுவத்திரெண்டுதான் ஆள் ஒசரம்.
இது பூரா குருவிக்கு வெச்ச குறி."
கனகரத்தினம் மொழிபெயர்க்கையில்
குருவியை விட்டுவிட்டார்.

இரண்டாவது துப்பாக்கி என்று கேப்டன் எழுதினார்.
நாற்பத்தொரு மரத்துக்கு நஷ்டஈடு என்று
கிராணி ஒரு தாளை நீட்டினார்.
அதையும் மடித்து வைத்துக்கொண்டார்.
சடையம்மாவுக்கு அன்றைக்கு அரைப்பேர்தான்.
பால் குறைவு.

நான் தகட்டில் ஆறு துளை போட்டு
எண்ணெய் தடவி வைத்தேன்.

ஜனவரியில் டாங்கி வந்தது.
கப்பலில் இல்லை. ஈப்போ ரோட்டில், வடக்கிலிருந்து.
துப்பாக்கி அதிலேயே இருந்தது.
எங்களை யாரும் கேட்கவில்லை.

ஆ லோக் பிப்ரவரியில் ஒரு லாரியில் ஏற்றப்பட்டவன்தான்.
ஒர்க்ஷாப்பில் அவன் சாப்பாட்டுத் தூக்கு
ரொம்ப நாள் அதே கொக்கியில் தொங்கியது.
யாரும் எடுக்கத் துணியவில்லை, நானும்.

மூலையில் கிடந்த பலகைத் தலையை
புது அதிகாரி பூட்ஸால் தட்டி, என்ன இது என்றார்.
கோழிக்கூடு என்றேன்.
மூன்றாம் நாள் நான்கு கோழிகளை அனுப்பிவைத்தார்,
முட்டைக் கணக்கு எழுத ஒரு நோட்டும்.

இரத்தினவேலுக்கு மேலே, துளை வழியாக,
ஒரு பெட்டை கழுத்தை நீட்டும்.
இடம் பார்க்கும், வலம் பார்க்கும்.
நான் தவிட்டுச் சட்டியோடு
எதிரே நிற்க மாட்டேன்.
பக்கவாட்டில் இருந்தே வைப்பேன்.